கோகோ நாற்று: விதைப்பிலிருந்து முதல் கோடை வரை

ஆனைமலைப் பக்கம் எங்கள் தென்னந்தோப்பில் முதல் முறை 180 கோகோ நாற்று வாங்கி நட்டேன். அடுத்த ஆண்டு மே மாதக் கடைசியில் எண்ணிப் பார்த்தபோது 61 தான் உயிரோடு இருந்தன. சொட்டுநீர் போட்டிருந்தேன், உரம் வைத்திருந்தேன், ஒரு நாளும் தண்ணீர் தவறவில்லை. காரணம் புரியாமல் காய்ந்த செடிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தேன். பாதிக்கு மேற்பட்ட செடிகளில் ஆணிவேர் பையின் அடியில் எப்படிச் சுருண்டிருந்ததோ அப்படியே இருந்தது. நட்டுப் பத்து மாதம் ஆகியும் அது கீழே இறங்கவே இல்லை.

பக்கத்துத் தோட்டத்து அண்ணன் வந்து பார்த்துவிட்டு, "ஏனுங்க, இலை பச்சையா இருக்குதான்னு பார்த்துத்தானே வாங்குனீங்க? ஒரு பையைக் கிழிச்சு வேரைப் பார்த்தீங்களா?" என்று கேட்டார். நான் பார்க்கவில்லை.

கோகோ நாற்று வெயிலையும் வறட்சியையும் தாங்குமா என்பது பெரும்பாலும் பையில் இருக்கும் ஐந்து மாதத்திலேயே முடிவாகிவிடுகிறது. தோட்டத்துக்கு வந்த பிறகு நாம் கொடுக்கும் கவனிப்பு அந்த வேருக்குத் துணைதான். இல்லாத வேரை அது உண்டாக்காது. இரண்டாவது முறை நானே விதை போட்டு நாற்று எடுத்தேன். அதில் கற்றதை இங்கே வரிசையாக எழுதுகிறேன். பொள்ளாச்சி, ஆனைமலை, உடுமலைப் பக்கம் தென்னைக்கு ஊடுபயிராகக் கோகோ வைக்க நினைப்பவர்களை மனதில் வைத்து எழுதியது. தேனியிலோ கன்னியாகுமரியிலோ இருந்தால் மழை மாதங்களை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

1. தோப்பின் வெளிச்சத்தையும் காற்றையும் பாருங்கள்

கோகோவுக்கு நிழல் வேண்டும், ஆனால் இருட்டு ஆகாது. தென்னை எட்டு வயதிலிருந்து சுமார் இருபத்தைந்து வயது வரை மட்டைகள் அடர்ந்து வெளிச்சத்தை மறைத்துக்கொள்ளும். அந்த வயதுத் தோப்பில் நட்டால் நாற்று வெளிச்சம் தேடி நெடுநெடுவென்று வளரும், தண்டு பருக்காது. இருபத்தைந்து வயதைத் தாண்டிய தோப்புதான் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நல்லது. நண்பகல் பன்னிரண்டு மணிக்குத் தோப்புக்குள் நின்று தரையைப் பாருங்கள். வெயிலும் நிழலும் பாதிப்பாதியாக விழுந்தால் சரி.

அடுத்தது காற்று. இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று நம் பக்கம் எவ்வளவு வேகமாக அடிக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். கோகோ இலை பெரியது, மெல்லியது. காற்று இலையைக் கிழிப்பது வெளியே தெரிகிற சேதம். அதைவிடப் பெரிய சேதம் கண்ணுக்குத் தெரியாது. காற்று வறண்டு அடித்தால், மண்ணில் ஈரம் இருந்தாலும் இலை தன் துவாரங்களை மூடிக்கொள்ளும். மூடிவிட்டால் வளர்ச்சி நின்றுவிடும். தண்ணீர் விட்டும் செடி வளரவில்லை என்று சொல்பவர்கள் தோப்பின் மேற்குப் பக்கத்தை ஒருமுறை பார்க்கட்டும். அங்கே வேலி மரமோ கிளைரிசிடியா என்ற தழையுர மரமோ வாழையோ இல்லை என்றால், நாற்று போடுவதற்கு முன்பே அதை நடுங்கள். கிளைரிசிடியாக் குச்சி ஊன்றினால் ஒரே ஆண்டில் தடுப்பு கிடைத்துவிடும்.

ஏற்ற வெப்பம் 25 டிகிரி அளவு. 39 வரை தாக்குப்பிடிக்கும் என்பார்கள், ஆனால் அது வேர் இறங்கிய மரத்துக்கு. நாற்றுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

2. மண்ணையும் தண்ணீரையும் பரிசோதியுங்கள்

விதை போடுவதற்கு இரண்டு மாதம் முன்பே மண், தண்ணீர் இரண்டையும் அரசு மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்துவிடுங்கள். கட்டணம் மிகக் குறைவு. முடிவு வரச் சில வாரம் ஆகலாம், அதனால்தான் முன்கூட்டியே.

மண்ணில் பார்க்க வேண்டியது பி.எச். என்ற அமில, கார அளவு. 6.5-ஐ ஒட்டி இருந்தால் நல்லது. எட்டைத் தொட்டால், அதிலும் சுண்ணாம்புச் சத்து அதிகமான மண் என்றால், இளம் இலைகள் நரம்பு மட்டும் பச்சையாக இருந்து மீதி மஞ்சளாகிவிடும். அது இரும்புச் சத்துக் குறைபாடு. மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை, வேரால் எடுக்க முடியவில்லை. எத்தனை உரம் போட்டாலும் அது தீராது.

தண்ணீரில் பார்க்க வேண்டியது ஈ.சி. என்று அறிக்கையில் வரும் உப்பு அளவு. dS/m அலகில் ஒன்றுக்குள் இருந்தால் நாற்றுக்குப் பயப்படாமல் ஊற்றலாம். இரண்டைத் தாண்டினால் அந்த போர்வெல் தண்ணீரை நாற்றங்காலில் தொடவே கூடாது. தென்னை உப்பைப் பொறுத்துக்கொள்ளும், கோகோ பொறுக்காது. "தென்னைக்கு இதே தண்ணிதானே போகுது" என்றுதான் நானும் நினைத்தேன். முதல் தொகுதி நாற்றில் முற்றிய இலைகளின் ஓரம் பழுப்பாகக் கருகி உள்ளே வந்தது. பூஞ்சை என்று எண்ணி மருந்து அடித்து மூன்று வாரம் வீணாக்கினேன். உப்பு அதிகமான தண்ணீர்தான் இருக்கிறது என்றால், நாற்றங்காலுக்கு மட்டும் கிணற்றுத் தண்ணீரோ பி.ஏ.பி. (பரம்பிக்குளம்-ஆழியாறு திட்டம்) வாய்க்கால் தண்ணீரோ தொட்டியில் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். 250 பைக்குத் தேவைப்படும் தண்ணீர் அதிகமில்லை.

3. காகிதங்களை முதலிலேயே சேர்த்துவிடுங்கள்

நட்ட பிறகு மானியம் கேட்டுப் போகாதீர்கள். நடவுக்கு முன்பே வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்துக்குப் போய், இந்த ஆண்டு இலக்கில் கோகோ இருக்கிறதா, நாற்றாகத் தருகிறார்களா, பணமாகத் தருகிறார்களா என்று கேளுங்கள். இது ஆண்டுக்கு ஆண்டு மாறும். உழவன் செயலியில் பதிவு செய்து வைத்துக்கொண்டால் அலைச்சல் குறையும்.

கையில் இருக்க வேண்டியவை: கணினிச் சிட்டா, நடப்புப் பசலிக்கான (வருவாய் ஆண்டு) அடங்கல், நில வரைபடம், ஆதார் நகல், குடும்ப அட்டை நகல், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்க நகல், இரண்டு புகைப்படம். ஐந்து ஏக்கருக்குள் நிலம் என்றால் வட்டாட்சியரிடம் சிறு, குறு விவசாயி சான்று. இதை இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். சொட்டுநீருக்குச் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதமும் மற்றவர்களுக்கு 75 சதவீதமும் மானியம் உண்டு. அதற்கு மண், தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கையும் கேட்பார்கள், இரண்டாவது படியில் எடுத்தது இங்கே உதவும்.

இங்கே எல்லோரும் மாட்டிக்கொள்வது அடங்கலில். அதில் தென்னை மட்டும்தான் எழுதியிருக்கும். கோகோ ஊடுபயிர் என்று கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லி நட்டவுடன் பதியச் செய்யுங்கள். சிட்டா இன்னும் தாத்தா பெயரில் இருந்தால், நாற்று வேலையைத் தொடங்கும் முன் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பித்துவிடுங்கள். நாற்று ஐந்து மாதத்தில் தயாராகிவிடும், பட்டா அதற்குள் வருமா என்பது உங்கள் தாலுகாவைப் பொறுத்தது.

4. வாங்குவதா, நாமே வளர்ப்பதா

7.5 மீட்டர் இடைவெளியில் உள்ள தென்னையில், இரண்டு வரிசைக்கு நடுவே ஒரு வரிசை கோகோ, செடிக்குச் செடி மூன்று மீட்டர் என்று வைத்தால் ஏக்கருக்குச் சுமார் 180 செடி வரும். ஓரிரு ஏக்கர்தான் என்றால் நாமே வளர்ப்பது நல்லது என்பது என் கருத்து. வேரில் நடந்தது என்ன என்பது நமக்குத் தெரிந்திருக்கும்.

வாங்கத்தான் வேண்டும் என்றால், கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் வெள்ளாணிக்கரை மையம் திருச்சூர்ப் பக்கத்தில்தான் இருக்கிறது, பொள்ளாச்சியிலிருந்து ஒரே நாளில் போய் வரலாம். மத்தியத் தோட்டப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனத்தின் விட்டல் நிலையம் கர்நாடகத்தில் இருக்கிறது, கொஞ்சம் தூரம். இரண்டு இடத்திலும் வெளியிட்ட ரகங்கள் உண்டு. முன்கூட்டியே பதிவு செய்யாமல் வண்டி எடுத்துக்கொண்டு போகாதீர்கள்.

தனியார் நாற்றங்காலில் வாங்கினால் அங்கீகாரச் சான்றைக் கேளுங்கள், ரகத்தின் பெயர் எழுதிய பில் வாங்குங்கள். அப்புறம் இதைக் கட்டாயம் செய்யுங்கள்: ஐம்பது நாற்றுக்கு ஒன்று என்று காசு கொடுத்து எடுத்து, அங்கேயே பையைக் கிழித்து மண்ணை உதிர்த்து வேரைப் பாருங்கள். ஆணிவேர் நேராக இருக்க வேண்டும், சல்லிவேர் நிறைய இருக்க வேண்டும், நுனி வெள்ளையாக இருக்க வேண்டும். அடியில் வேர் வளையம் போட்டிருந்தாலோ, பையைத் தாண்டித் தரைக்குள் போய் அறுத்து எடுத்திருந்தாலோ அந்தத் தொகுதியே வேண்டாம். நாலு நாற்றின் விலை போனால் போகட்டும்.

ஒட்டுக்கன்று சீக்கிரம் காய்க்கும், தாய்மரத்தின் குணம் அப்படியே வரும். ஆனால் வறட்சி தாங்குவது அடிச்செடியின் வேர்தான், அதனால் ஒட்டுக்கன்றானாலும் வேரைப் பார்க்காமல் விடாதீர்கள். ஒரே ரகத்தின் ஒட்டு மட்டும் தோப்பு முழுக்க வேண்டாம். கோகோவில் பல மரங்கள் தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது. மூன்று நான்கு ரகம் கலந்து நட்டால்தான் காய்ப் பிடிப்பு இருக்கும்.

5. விதை

கோகோ விதை நெல், உளுந்து மாதிரி கிடையாது. காயவைத்தால் செத்துவிடும், ஃபிரிட்ஜில் வைத்தாலும் செத்துவிடும். காயை உடைத்து வெளியே எடுத்த விதைக்கு ஒரு வாரம்கூட உயிர் நிற்காது. காயாகவே வாங்கி வந்து, விதைக்கிற அன்றைக்கு உடையுங்கள்.

எந்த மரத்துக் காய் என்பது முக்கியம். ஆண்டுக்கு நூறு காய்க்குக் குறையாமல் காய்க்கிற மரம், காய் ஒவ்வொன்றும் 350 கிராமுக்கு மேல், தோல் ஒரு சென்டிமீட்டருக்குள், உள்ளே 35 விதைக்கு மேல். தோப்புக்காரரிடம் நான் இன்னொரு கேள்வியும் கேட்பேன்: போன கோடையில் தண்ணீர் குறைந்தபோது எந்த மரம் இலை உதிர்க்காமல் நின்றது? அதைக் காட்டச் சொல்லி அதிலிருந்து எடுப்பேன்.

ஏக்கருக்கு 250 நாற்று வளர்க்க 300 விதை வேண்டும். பத்துப் பன்னிரண்டு காய் போதும். கழிவு போக 200 தேறும், அதில் 180 நடவுக்கு, மீதி போக்கிடம் (பட்டுப்போன செடியின் இடம்) நிரப்ப.

உடைத்ததும் விதையை மரத்தூளிலோ மணலிலோ போட்டுத் தேய்த்து, மேலே இருக்கும் வழவழப்பான சதையை எடுத்துவிடுங்கள். அப்படியே போட்டால் எறும்பு வரும், எலி வரும், பூஞ்சை பிடிக்கும். வெயிலில் உலர்த்த வேண்டாம். விதை காயோடு ஒட்டியிருந்த பக்கம்தான் வேர் வரும் பக்கம். அது கீழே இருக்கும்படி, இரண்டு சென்டிமீட்டர் ஆழத்தில் வையுங்கள். எது கீழ்ப்பக்கம் என்று தெரியாவிட்டால் படுக்கையாக வையுங்கள். தலைகீழாக வைத்தாலும் முளைக்கும், ஆனால் வேர் கொக்கி மாதிரி வளைந்துதான் கீழே போகும். அந்த வளைவு நிமிராது.

ஒரு வாரத்தில் முளை எட்டிப் பார்க்கும், இரண்டு வாரத்துக்குள் நூற்றுக்குத் தொண்ணூறு வந்துவிட வேண்டும். விதை தலையில் தொப்பி மாதிரி மேலே வரும். பிள்ளைகள் அதைப் பிய்க்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், முதல் சில வாரத்துக்கு அதுதான் செடியின் சாப்பாடு. இருபது நாளுக்குப் பிறகு முளைத்து வருகிறவற்றை நான் வைத்துக்கொள்வதில்லை.

எப்போது விதைப்பது? மேற்கே காற்றுத் தடுப்பு இருந்தால் டிசம்பர் கடைசி, ஜனவரி. ஜூனில் நடலாம், அடுத்த கோடைக்குள் எட்டு மாதம் வேர் ஓடும். தடுப்பு இல்லையென்றால் ஏப்ரல் கடைசி, மே. அப்போது காய் அறுவடையும் நடக்கும். காற்று ஓய்ந்து வடகிழக்குப் பருவமழை வரும்போது, செப்டம்பர் கடைசியிலோ அக்டோபரிலோ நடலாம். வேர் ஓட நாலு மாதம்தான் கிடைக்கும் என்பது இதில் உள்ள குறை, முதல் கோடைக்குக் கூடுதல் கவனம் வேண்டும்.

6. பையும் மண்ணும்

25 சென்டிமீட்டர் உயரம், 15 அகலம். இதைவிடக் குட்டையான பை மலிவாகக் கிடைக்கும், வாங்காதீர்கள். என் முதல் தொகுதி நாற்றுகள் சின்னப் பையில்தான் வந்தன. ஆணிவேர் அடியைத் தொட்டதும் திரும்பி வளைய ஆரம்பிக்கும். ஆறு மாதத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டி வந்தால், 30 உயரமுள்ள பை எடுங்கள். ஓட்டைகள் பையின் கீழ்ப்பாதியில் பன்னிரண்டாவது இருக்கட்டும், இல்லாத பையில் ஆணி கொண்டு நாமே போட்டுக்கொள்ளலாம்.

மேல்மண், மணல், நன்றாக மக்கிய தொழுவுரம் மூன்றும் சம அளவு. மக்காத எரு போட்டால் பைக்குள் சூடேறி வேர் கருகும், கரையானும் வரும். கையில் எடுத்தால் சாண வாடை வரக்கூடாது, மழை பெய்த மண் வாடை வர வேண்டும். எருவில் டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சையைக் கலந்து, ஈரச் சாக்கு போட்டு இரண்டு வாரம் மூடி வைத்துப் பிறகு பயன்படுத்தினேன், நாற்று அழுகல் வெகுவாகக் குறைந்தது. விதைக்கும் குழியில் ஒரு சிட்டிகை வேம் (VAM) போடுங்கள். அது வேரோடு சேர்ந்து வாழும் பூஞ்சை, மணிச்சத்தை வேருக்கு இழுத்துக் கொடுக்கும். ரசாயன உரம் எதையும் பை மண்ணில் கலக்காதீர்கள். தென்னை நார்க்கழிவு சேர்ப்பதானால் கழுவி மக்கவைத்தது மட்டும், பச்சையாக எடுத்தால் அதிலும் உப்பு இருக்கும்.

எனக்கு 250 பைக்கு ஆன செலவு: பை 500 ரூபாய், மண்ணும் மணலும் எருவும் 1,600, நிழல்வலை 2,400, மண் நிரப்பக் கூலி 1,000, டிரைக்கோடெர்மா, வேம், தாமிர மருந்து எல்லாம் சேர்த்து 450. மொத்தம் 5,950. தேறிய 200 நாற்றுக்கு வகுத்தால் ஒன்றுக்கு முப்பது ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. காய் தெரிந்தவரிடம் வாங்கியதால் காசு கேட்கவில்லை. நிழல்வலை மறு ஆண்டும் உதவியது.

7. நிழல், தண்ணீர், கொழுந்து

நாற்றங்கால் வேலையில் பாதி இதுதான்.

நிழலுக்கு 50 சதவீத நிழல்வலை. கோகோ இலைக்கு முழு வெயில் தேவையில்லை, மிஞ்சி விழும் வெயில் இலையைச் சுட மட்டுமே செய்கிறது. ஆனால் நிழல் நல்லதென்று 75 சதவீத வலை போட்டால் வேறு வகையில் கெடும். இலைக்கும் இலைக்கும் இடைவெளி நீளும், தண்டு பென்சில் பருமன்கூட வராது, இலை கரும்பச்சையாகப் பெரிதாக இருக்கும். பார்க்க அழகாக இருக்கும் அந்த நாற்றுதான் நட்ட பத்தாம் நாள் வாடும். நான் முதலில் வாங்கியவையும் அப்படித்தான் பளபளவென்று இருந்தன.

தண்ணீர் தினமும் காலையில், பூவாளியால். நேரத்தைவிட அளவு முக்கியம். பையிலிருந்து ஒரு பிடி மண் எடுத்து அழுத்துங்கள். உருண்டையாகி, விரலால் தட்டினால் உதிர வேண்டும். தண்ணீர் சொட்டினால் அதிகம், உருண்டையே வராவிட்டால் குறைவு. பைகளைத் தரையில் நேராக வைக்காமல், ஜல்லி பரப்பியோ மூங்கில் தட்டி போட்டோ வையுங்கள். தண்ணீர் வடியும், வேர் தரைக்குள் போகாமலும் இருக்கும். மாதம் ஒருமுறை பைகளை இடம் மாற்றி வையுங்கள்.

வாடலைப் படிக்கத் தெரிந்துகொள்ளுங்கள். மதியம் தொங்கி மாலையில் நிமிர்ந்தால் வெயிலும் காற்றும்தான் காரணம், கவலை வேண்டாம். காலை ஆறு மணிக்கே தொங்கியிருந்தால் வேரில் கோளாறு. அந்த நேரத்தில் மண் ஈரமாக இருந்தும் வாடியிருந்தால், மேலும் தண்ணீர் விடாதீர்கள். வேர் அழுகிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். வாடலைக் கண்டாலே தண்ணீர் ஊற்றுவது நமக்குக் கைப்பழக்கம், அதனாலேயே நிறைய நாற்று போகிறது.

அடுத்தது கொழுந்து. கோகோ ஒரே சீராக வளராது, ஏறக்குறைய ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை கொத்தாகக் கொழுந்து விடும். அந்த இலைகள் வெளிர்சிவப்பாக, துணி மாதிரித் தொங்கும். அது வாடல் இல்லை. கொழுந்து விடும் காலத்தில் செடி தன் பலத்தையெல்லாம் மேலே அனுப்பும், வேர் மெதுவாகத்தான் ஓடும். இலை விறைத்துப் பச்சையான பிறகு வேர் ஓட ஆரம்பிக்கும். இந்த முறையைத் தெரிந்துகொண்டால் பல தவறுகள் தானே நின்றுவிடும். கொழுந்தாக இருக்கும்போது இடம் மாற்றாதீர்கள், மருந்து அடிக்காதீர்கள், நிழலைக் குறைக்காதீர்கள், வண்டியில் ஏற்றாதீர்கள், நடாதீர்கள். எல்லாவற்றுக்கும் இலை விறைக்கும் வரை காத்திருங்கள்.

உரம்? எரு நல்லதாக இருந்தால் முதல் இரண்டு மாதம் ஒன்றும் தேவையில்லை. பிறகு பதினைந்து நாளுக்கு ஒருமுறை, தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து மூன்றும் சம அளவில் உள்ள 19:19:19 உரத்தை லிட்டருக்கு ஐந்து கிராம் கரைத்துத் தெளித்தேன். யூரியாவை மட்டும் கொடுத்துச் செடியைத் தள்ளாதீர்கள். மளமளவென்று வளரும், திசு மென்மையாக இருக்கும், முதல் வறட்சியிலேயே சாயும். சாம்பல்சத்துதான் இலை தன் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ள உதவுகிறது, அது குறையக் கூடாது.

8. நோய், பூச்சி

மழை மாதத்தில் நாற்றுக் கருகல் வரும். ஃபைட்டோப்தோரா என்ற, பூஞ்சை போன்ற நுண்ணுயிரால் வருவது, இலையிலோ தண்டிலோ தண்ணீர் பட்ட புண் மாதிரி தொடங்கிக் கருப்பாகும். வடிகாலைச் சரிசெய்து, பைகளைத் தள்ளித் தள்ளி வைத்து, ஒரு சதவீதப் போர்டோ கலவை தெளியுங்கள்: 100 கிராம் மயில்துத்தம், 100 கிராம் சுண்ணாம்பு, இரண்டையும் தனித்தனிப் பிளாஸ்டிக் வாளியில் ஐந்தைந்து லிட்டரில் கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் ஊற்றிக் கலக்க வேண்டும். பளபளப்பான கத்தியை முக்கிப் பாருங்கள், செம்பு படிந்தால் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு சேருங்கள். கலக்கிய அன்றே அடித்துவிட வேண்டும். அதற்கு நேரமில்லை என்றால் காப்பர் ஆக்சிகுளோரைடு லிட்டருக்கு மூன்று கிராம்.

மாவுப்பூச்சி தெரிந்தால் எறும்பையும் தேடுங்கள், எறும்புதான் அதைச் சுமந்து வரும். நத்தையை இரவில் டார்ச் அடித்துக் கையால் பொறுக்கினோம், அதைவிட நல்ல வழி எனக்குக் கிடைக்கவில்லை.

9. கழித்தல், பழக்குதல்

நாலாவது மாதம் வரிசையாக உட்கார்ந்து பாருங்கள். உயரத்தைவிடத் தண்டின் பருமனைப் பாருங்கள். குட்டையானாலும் தண்டு தடித்தது வேண்டும், நெட்டையாக மெலிந்தது வேண்டாம். ஐந்தில் ஒன்றைக் கழித்துவிடலாம். கழிக்க மனம் வராது, நாலு மாதம் பிள்ளை மாதிரி வளர்த்தது. ஆனால் தோட்டத்தில் அதற்கு ஒரு குழி, ஒரு சொட்டுவான், மூன்று ஆண்டு இடம் கொடுத்துவிட்டுப் பிறகு பிடுங்குவது அதைவிட வலிக்கும்.

நடவுக்கு மூன்று வாரம் முன்பிலிருந்து பழக்க வேண்டும். முதல் வாரம் காலை எட்டரை வரை வலையைச் சுருட்டுங்கள், அடுத்த வாரம் பத்து வரை, மூன்றாவது வாரம் மாலை வெயிலும் சேர்த்து. தண்ணீரை ஒருநாள் விட்டு ஒருநாள் ஆக்குங்கள். அடியோடு நிறுத்திவிடாதீர்கள், அது பழக்குவது ஆகாது. இந்த மூன்று வாரத்தில் இலை கொஞ்சம் வெளுத்துத் தடிக்கும், பார்க்கப் பொலிவு குறையும். அது நல்ல அடையாளம்.

10. நடவு

குழி மூன்று பக்கமும் 50 சென்டிமீட்டர், நடவுக்கு ஒரு மாதம் முன்பே. எங்கள் செம்மண்ணில் 180 குழிக்கு எட்டு ஆள் ஆனது. டிராக்டர் துளைப்பானில் போட்டால் வேகம்தான், ஆனால் ஈரமண்ணில் குழியின் சுவர் பானை மாதிரி வழவழப்பாக இறுகிவிடும், வேர் அதைத் துளைக்காது. கடப்பாரையால் சுவரைக் கொத்தி விடுங்கள். மேல்மண்ணும் எருவும் போட்டு நிரப்புங்கள்.

மேகமூட்டமான நாளின் மாலையில் நடுங்கள். பையின் அடியை இரண்டு சென்டிமீட்டர் அளவுக்குக் கத்தியால் வட்டமாக வெட்டி எடுத்துவிடுங்கள், அடியில் சுருளத் தொடங்கிய வேர் அதோடு போய்விடும். பிறகு பக்கவாட்டில் கிழித்து, மண் உடையாமல் இறக்குங்கள். பையில் மண் எந்த மட்டத்தில் இருந்ததோ அதே மட்டத்தில் நட வேண்டும், தண்டை மண்ணுக்குள் புதைத்தால் அழுகும். காலால் மிதிக்காதீர்கள், கையால் அழுத்தினால் போதும். பக்கத்தில் ஒரு குச்சி ஊன்றித் தளர்வாகக் கட்டுங்கள்.

தென்னை மட்டை விழுந்து என்னுடைய ஒன்பது நாற்று ஒடிந்தது. நடவுக்கு முன் காய்ந்த மட்டைகளை ஏறி இறக்கிவிடுங்கள். காய் வெட்டும்போது மரத்துக்கு எந்தப் பக்கம் குலையை இறக்க வேண்டும் என்று ஏறுகிறவரிடம் சொல்லிவையுங்கள்.

11. முதல் கோடை

முதலாண்டு உரம் முழு மரத்துக்குரியதில் மூன்றில் ஒரு பங்கு. ஒரு செடிக்கு ஆண்டுக்கு யூரியா 72 கிராம், சூப்பர் பாஸ்பேட் 83, பொட்டாஷ் 78 என்று கணக்கு வரும். இரண்டாகப் பிரித்து, செடியிலிருந்து ஒரு சாண் தள்ளி, ஈரமண்ணில் வைத்து மூடுங்கள். பிப்ரவரிக்குப் பிறகு வைக்காதீர்கள். கோடைக்கு முன் உரம் கொடுத்தால் கொழுந்து கிளம்பும், அந்தக் கொழுந்து வெயிலில் கருகும்.

மூடாக்கு ஜனவரியிலேயே போட வேண்டும், மண்ணில் ஈரம் இருக்கும்போதே. தேங்காய் மட்டையைக் குவிந்த முதுகுப் பக்கம் மேலாக அடுக்கி, அதன் மேல் காய்ந்த இலை. தண்டை ஒட்டி நாலு விரல் இடம் விடுங்கள், இல்லாவிட்டால் கரையான் ஏறும்.

சொட்டுவானைத் தண்டின் அடியிலேயே வைத்திருப்பது நான் செய்த இன்னொரு தவறு. தண்ணீர் அங்கேயே கிடைப்பதால் வேர் அங்கேயே நின்றுவிடுகிறது. நட்ட மூன்றாவது மாதம் ஒரு சாண் தள்ளுங்கள், ஆறாவது மாதம் இன்னொரு சாண். தினமும் கொஞ்சம் என்பதைவிட, இரண்டு நாளுக்கு ஒருமுறை ஆழமாக நனையும்படி விட்டால் வேர் கீழே இறங்கும். ஏப்ரல், மே உச்ச வெயிலில் மட்டும் தினமும் விடுங்கள். தோப்பில் மரம் போய் வெட்டவெளியாக இருக்கும் இடங்களில் நட்ட செடிகளுக்கு, மேற்குப் பக்கம் பச்சைத் தென்னங்கீற்று இரண்டு ஊன்றிவிடுங்கள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கும்.

மே மாதத்தில் சில செடி இலையை முழுக்க உதிர்த்துவிடும். உடனே பிடுங்கிவிடாதீர்கள். நகத்தால் தண்டைக் கீறிப் பாருங்கள், உள்ளே பச்சை இருந்தால் தண்ணீரைத் தொடருங்கள், முதல் மழைக்குத் துளிர்க்கும். பழுப்பாக இருந்தால் போய்விட்டது. இரண்டாவது முறை என் தோப்பில் அப்படிப் போனது பதினாறு. போக்கிடம் நிரப்ப எடுத்து வைத்த இருபது நாற்றை நடவு நாளிலேயே பெரிய பைக்கு மாற்றி, நிழல்வலைக்கு அடியில் வைத்திருந்தேன். ஜூன் முதல் வாரம் மழை இறங்கியதும், அதிலிருந்து பதினாறை எடுத்து வைத்தேன், வைப்பதற்கு முன் ஒவ்வொரு பையையும் கிழித்து வேரைப் பார்த்துவிட்டு.